நூறாவது உரை

கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உட்காருகிறீர்களா சார்? இந்த இடத்தில்தான் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் சரியாக விழுகிறது. நன்றி. பதினொன்றரை மணிக்கு எனக்கு ஓர் உரை இருக்கிறது. ஆன்லைனில்தான். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டால் சிக்கல். ஆனால் கூப்பிட மாட்டார்கள். நோட்டீஸில் பத்தரை என்று போட்டால் பன்னிரண்டரை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இருபத்தாறு வருடம் கறுப்புக் கோட்டு போட்டவன் சொல்கிறேன்.

நீங்கள் என்ன விஷயமாக பார் கவுன்சிலுக்கு? மகளுக்கு என்ரோல்மென்டா, சந்தோஷம். அப்படியென்றால் மகள் என் பேச்சைக் கேட்டிருப்பாள். ‘எழுந்து நில்’ என்று சொல்லிப் பாருங்கள். சட்ட மாணவர்களுக்கான ஊக்க உரை. இதுவரை நூற்றுப் பதினாறு ஆகிவிட்டது. இன்றைக்கு நூற்றுப் பதினேழு. அவள் சொன்னதே இல்லையா? கேட்டிருப்பாள், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் நல்ல விஷயத்தை வீட்டில் சொல்வதில்லை.

நான் கோமதிநாயகம். சங்கரன்கோவில். சிவில் வழக்குகள்தான் அதிகம்.

நான் வந்தது ஒரு புகார் விஷயமாக. கொடுக்க வரவில்லை, என் மேல் வந்த புகார். அப்படிப் பார்க்காதீர்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவன் மேல் யார் சார் புகார் கொடுப்பார்கள்? அதோ, தூணுக்குப் பக்கத்து பெஞ்சில் பச்சைச் சேலை கட்டிய அம்மா இருக்கிறாரே, அவர்தான் கொடுத்தவர். சண்முகக்கனி. என் கட்சிக்காரர். தையல்கடை வைத்திருந்தார். பக்கத்தில் மடியில் ஃபைலோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள், அவள் நஸ்ரின். மூன்றாம் வருடம் சட்டம் படிக்கிறாள். அந்த அம்மாவுக்குப் புகார் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். என் மாணவி. அதாவது, ஆன்லைன் மாணவி.

இதோ இந்தத் தாளைப் பாருங்கள். ஒரே பக்கம். அபிடவிட், அதாவது சத்தியம் செய்து கொடுக்கிற வாக்குமூலம். உள்ளே கூப்பிடுவதற்குள் நான் இதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், புகாரை வலியுறுத்தவில்லை என்று அந்த அம்மா சொல்லிவிடுவார். இந்தத் தாளை வைத்து ஊரில் அவருடைய வழக்கையும் திரும்ப எடுக்கலாம், கடை கிடைக்க வழி உண்டு. போடாவிட்டால் விசாரணை. கோட்டைக் கழற்றி வைக்கச் சொன்னாலும் சொல்வார்கள் என்று அந்தப் பெண் பயமுறுத்துகிறாள். போடலாம். போடத்தான் போகிறேன். ஆனால் அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரி உங்களுக்குப் புரிய வேண்டும் என்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

கொரோனாவில் கோர்ட்டை மூடினார்கள் இல்லையா, அப்போது ஆரம்பித்தது. எங்கள் ஊர் வக்கீல்களில் ஒருவர் காய்கறி விற்றார். ஒருவர் கோழிப்பண்ணை வைத்தார். நான் பேசினேன். என் மைத்துனர் மகள் படிக்கிற கல்லூரியில் ஆன்லைனில் ஒரு மணி நேரம் பேச ஆள் வேண்டும் என்றார்கள். கோட்டும் கழுத்துப்பட்டையும் மாட்டிக்கொண்டு செல்போன் முன்னால் உட்கார்ந்தேன். கீழே கைலிதான். ‘தோல்வியைக் கண்டு துவளாதே’ என்று தலைப்பு. பேசி முடித்ததும் பிள்ளைகள் எழுதியதைப் படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் எந்த ஜட்ஜும் என்னை இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசவிட்டதில்லை சார். இங்கே ஒரு மணி நேரம். குறுக்கே ஒரு ஆள் ‘அப்ஜெக்‌ஷன்’ என்று எழுந்திருக்கவில்லை.

அப்புறம் நான்கு கல்லூரிகள் சேர்ந்துகொண்டன. ஒவ்வோர் உரைக்கும் முந்நூறு, நானூறு பேர். என்ன ஈடுபாடு என்கிறீர்கள். நான் வணக்கம் சொன்ன உடனே ‘பிரசன்ட் சார்’, ‘பிரசன்ட் சார்’ என்று வரிசையாக எழுதுவார்கள். சில பேர் பதிவெண்ணையும் சேர்த்து எழுதுவார்கள். அவ்வளவு மரியாதை. பொன்னுத்துரை என்று எனக்கு ஒரு ஜூனியர் இருந்தான். ‘சார், உங்க உரைக்கு வந்தா அவங்களுக்கு அட்டென்டன்ஸ் உண்டு, அதான் எழுதுறாங்க’ என்றான். பொறாமை. சின்ன வயதுதானே, விட்டுவிட்டேன்.

அந்தப் பொன்னுத்துரையால்தான் எல்லாம் வந்தது. அவன் வேலை என்ன? காலையில் வழக்குக் கட்டுகளைக் கோர்ட்டுக்குத் தூக்கிப் போவது, நான் வர நேரமானால் ‘பாஸ் ஓவர்’ சொல்லி வழக்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவைப்பது, உரை நேரத்தில் செல்போனைப் பிடிப்பது. மூன்றே வேலை. ஸ்டாண்டு வாங்கலாம்தான். ஆனால் ஸ்டாண்டு அசையாது. நான் கையை உயர்த்திப் பேசும்போது செல்போனும் கொஞ்சம் உயர்ந்தால்தான் ஒரு கம்பீரம் இருக்கும். பதினோரு மாதம் பிடித்தான். ஒரு நாள் செல்போனை மேசையில் வைத்துவிட்டு, ‘சார், நான் கேஸ் கத்துக்க வந்தேன். எனக்குத் தோள்பட்டை வலிதான் மிச்சம்’ என்று சொல்லிவிட்டு இன்னொரு சீனியரிடம் போய்விட்டான். நூறாவது உரைக்குப் பத்து நாள் இருக்கும்போது. நன்றி கெட்டவன் என்று சொல்லக்கூடாது. சொல்லவில்லை.

அவன் போனதில் என்ன நஷ்டம் என்றால், ‘பாஸ் ஓவர்’ சொல்ல ஆள் இல்லை. உங்களுக்குக் கோர்ட் பழக்கம் தெரியாது அல்லவா, சொல்கிறேன். வழக்கை எடுக்கும்போது வக்கீலும் இல்லை, கட்சிக்காரரும் இல்லை என்றால் டவாலி வராந்தாவுக்கு வந்து பேரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிடுவார். மூன்றாவது கூப்பாட்டுக்குள் உள்ளே போய்விட்டால் போதும். முதல் கூப்பாட்டுக்கே ஓடுகிறவன் ஜூனியர். இரண்டாவதுக்கு எழுந்திருப்பவன் நடுத்தரம். சீனியர் என்றால், டவாலி மூன்றாவது தடவை கூப்பிட்டு வாயை மூடும்போது வாசலில் நிற்க வேண்டும். ஜட்ஜ் நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வை ஜூனியருக்குக் கிடைக்காது. இருபத்தாறு வருடமாக நான் அப்படித்தான் போயிருக்கிறேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. ஒரு தடவைதான் தப்பியது.

சண்முகக்கனி வழக்கு சாதாரண வழக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கம் பத்துக்கு எட்டு கடை. பதினான்கு வருடமாக வாடகைக்கு இருக்கிறார். இடத்துக்காரர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். நம் பக்கம் பலமான வழக்கு. ஒழுங்காக நடத்தியிருந்தால் யாராலும் அசைத்திருக்க முடியாது. சாட்சி சொல்ல அந்த அம்மா வர வேண்டிய நாளும் என் நூறாவது உரையும் ஒரே நாளில் அமைந்துவிட்டன. முந்தின நாள் கடைக்குப் போய், ‘நீங்க நாளைக்கு வர வேண்டாம்மா, தைக்கிற வேலையைப் பாருங்க. நான் வாய்தா வாங்கிடுறேன்’ என்றேன். அவருக்கு ஒரு நாள் வேலை கெடக்கூடாது என்கிற நல்ல எண்ணம்தான்.

நூறாவது உரையைக் கோர்ட் பார் ரூமில் வைத்துக்கொண்டேன். வக்கீல்கள் உட்காரும் அறை. அங்கே சட்டப் புத்தக அலமாரி ஒன்று இருக்கிறது. யாரும் எடுப்பதில்லை, அதனால் அட்டையெல்லாம் புதுசு மாதிரி இருக்கும். பின்னால் அந்த அலமாரி தெரிய உட்கார்ந்தால் சுப்ரீம் கோர்ட் தோற்றம். ஜன்னலுக்கு வெளியே வராந்தா, எதிரே முன்சீப் கோர்ட். இருபது அடி. கூப்பிட்டால் எழுந்து போய் வாய்தா கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்பது கணக்கு.

தலைப்பு ‘கவனம்’. அன்றைக்கு நாக்கில் சரஸ்வதி. இருபத்து மூன்றாவது நிமிடம். வெளியே டவாலி குரல் கொடுத்தார், ‘சண்முகக்கனி’ என்று. எங்கள் டவாலிக்குத் தவில்காரர் வீட்டுத் தொண்டை. பிள்ளைகளுக்கும் கேட்டுவிட்டது. வேறொரு ஆளாக இருந்தால் தடுமாறியிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். ‘மாணவர்களே, வெளியே யாரையோ கூப்பிடுகிறார்கள். நான் திரும்பினேனா?’ என்றேன். இரண்டாவது கூப்பாடு வந்தது. ‘திரும்பவில்லை. உலகம் ஆயிரம் பேரைக் கூப்பிடும். நீ எடுத்த காரியத்தில் நீ இரு.’ மூன்றாவது கூப்பாடு. சரியாக அது முடிந்த இடத்தில், ‘இதற்குப் பெயர்தான் கவனம்’ என்று முடித்தேன். திட்டம் போட்டிருந்தால்கூட அப்படி அமையாது சார். கைதட்டுகிற படங்களாக வந்து குவிந்தன.

பேர் என் காதில் விழுந்ததா என்று கேட்கிறீர்கள். எல்லோரும் அதையே கேட்கிறார்கள். ஏன், அந்த உதாரணம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று ஒருத்தராவது கேட்கக்கூடாதா?

மத்தியானம் போய்ப் பார்த்தேன். எக்ஸ்பார்ட்டி ஆகியிருந்தது. அதாவது நம் பக்கம் ஆள் வரவில்லை என்று எழுதி, எதிர்த்தரப்புக்குத் தீர்ப்பாகிவிட்டது. பதற வேண்டியதில்லை. முப்பது நாளுக்குள் ஒரு மனுப் போட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தினமும் நடக்கிற விஷயம். பொன்னுத்துரையிடம் சொல்லலாம் என்று திரும்பினேன், பொன்னுத்துரை இல்லை. சரி, திங்கட்கிழமை நாமே போடுவோம் என்று வைத்தேன். திங்கட்கிழமை நூறு உரை முடித்ததற்குக் கல்லூரியில் ஆன்லைன் பாராட்டு விழா வைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் நூற்று ஒன்று. அதற்குத் தலைப்பு ‘நாளை என்று சொல்லாதே’. மிக நல்ல உரை. சுட்டி அனுப்பட்டுமா?

அந்த அம்மா போன் பண்ணினார். ‘ஐயா, என்னாச்சு?’ என்றார். ‘வாய்தா போட்டிருக்கும்மா’ என்றேன். அது பொய் என்று புகாரில் எழுதியிருக்கிறாள் இந்த நஸ்ரின். பொய் எப்படி ஆகும்? நான் போயிருந்தால் வாய்தாதானே போட்டிருப்பார்கள்.

நான்கு மாதம் கழித்து நூற்று ஒன்பதாவது உரையில் இருக்கிறேன். ‘கட்சிக்காரரின் குரலைக் கேள்’ என்ற தலைப்பு. நடுவில் இந்த அம்மாவிடமிருந்து அழைப்பு. வெட்டினேன். திரும்ப அடிக்கிறார். அழைப்பு வருகிறபோதெல்லாம் என் படம் அப்படியே உறைந்து நிற்கிறது, வாயைத் திறந்தபடி. பதினான்கு தடவை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உரை முடிந்து கூப்பிட்டால், ‘ஐயா, கோர்ட்டு அமீனா வந்து கடையைப் பூட்டிட்டாரு. மிஷினைத் தூக்கி ரோட்டுல வச்சிருக்காங்க. வாய்தான்னு சொன்னீங்களே’ என்கிறார். சத்தம் போடவில்லை. அழவில்லை. ‘மழை வர்ற மாதிரி இருக்கு ஐயா, மிஷின் நனைஞ்சிரும்’ என்றார். அதைத்தான் இரண்டு தடவை சொன்னார். ஒரு தார்ப்பாய் போடச் சொன்னேன். உடனடி ஆலோசனை, கட்டணம் இல்லாமல்.

அதற்குப் பிறகு அவர் இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போயிருக்கிறார். அங்கே பயிற்சிக்கு வந்திருந்தவள் இந்தப் பெண். பேர் கேட்டிருக்கிறாள். சண்முகக்கனி என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டாளாம். என் நூறாவது உரைக்குக் குறிப்பு எடுத்தவள் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது. கேமராவை அணைக்காமல் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும் அவள் ஒருத்திதான். அந்த நோட்டின் நகலைப் புகாரோடு சேர்த்திருக்கிறாள். அதில் எழுதியிருக்கிறது: ‘23ஆவது நிமிடம். வெளியே யாரோ ஒரு சண்முகக்கனியைக் கூப்பிடுகிறார்கள். யார் அவர்? ஏன் வரவில்லை?’ தேதி, நேரம் எல்லாம் போட்டு. நோட்டு எப்படிப் போட வேண்டும் என்று ஆறாவது உரையில் நான் சொன்னது.

புகாரைப் படித்தேன். முதலில் கோபம் வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது, சார், எனக்குப் பெருமையாக இருந்தது. ‘உண்மையை முதல் வரியில் வை. அலங்காரத்தை வெட்டு. எளியவர் பக்கம் நில். எதிரே நிற்பது யார் என்று பார்க்காதே.’ பதினேழாவது உரை. வரிக்கு வரி அதன்படியே எழுதியிருக்கிறாள். முந்நூறு பேருக்குப் பேசினேன், ஒருத்திக்குள் போயிருக்கிறது. அதற்காகவாவது அவள் வேறொரு வக்கீல் மேல் எழுதியிருக்கலாம்.

யூடியூபில் போட்டிருந்த அந்த நூறாவது உரை வீடியோவை அழித்துவிடு என்று நண்பர்கள் சொன்னார்கள். அழிக்கலாம் என்றுதான் திறந்தேன். யாரோ அந்த ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டிப் போட்டு, நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். என் மற்ற உரைகளின் வீடியோக்கள் எல்லாம் சேர்த்தே ஆறாயிரம். நாற்பதாயிரம் பேர் பார்த்ததை எவனாவது அழிப்பானா? கீழே சிரிக்கிற முகங்கள் நிறைய. சிரித்தால் என்ன, மகிழ்ச்சிதானே.

இந்த அபிடவிட் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நஸ்ரின் வீட்டுக்கு வந்தாள். ‘சார், நீங்க உண்மையை எழுதிக் குடுத்தாத்தான் அம்மா வழக்கைத் திரும்ப எடுப்பாங்க’ என்றாள். நான் பெருந்தன்மையாக, ‘அன்றைக்கு எனக்கு வயிற்றுப்போக்கு என்று போட்டுக்கொள்ளம்மா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்றேன். எந்தக் கோர்ட்டிலும் வயிற்றுப்போக்கைச் சந்தேகிக்க மாட்டார்கள். அவள், ‘சார், வீடியோல ஒரு மணி நேரம் அசையாம உக்காந்து பேசியிருக்கீங்க’ என்கிறாள். பேச்சு அப்படி.

இதோ, அந்த வரி. நீங்களே படித்துப் பாருங்கள். ‘என் கட்சிக்காரரின் பெயர் மூன்று முறை அழைக்கப்பட்டது என் காதில் விழுந்தது. நான் எழுந்து போகவில்லை.’ பார்த்தீர்களா? மொட்டையாக இருக்கிறது. ‘எழ இயலாத சூழ்நிலை நிலவியது’ என்று போடலாம் இல்லையா? ‘எழுந்து நில்’ என்று நூற்றுப் பதினாறு உரை பேசியவன், எழுந்து போகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்?

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். காலையில் இங்கே பார்த்ததும் அவர்தான் எழுந்து வந்து, ‘சாப்பிட்டீங்களா ஐயா?’ என்று கேட்டார். அப்புறம் என் கோட்டைப் பார்த்து, ‘பட்டன் தொங்குதே. கழட்டிக் குடுங்க, தச்சுத் தாரேன்’ என்றார். பர்ஸில் ஊசி, கறுப்பு நூல் எல்லாம் வைத்திருக்கிறார். அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். இப்போது தங்கை வீட்டு வாசலில் மிஷின் போட்டிருக்கிறாராம். மூன்று பேர்தான் தைக்கக் கொடுக்கிறார்களாம். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, ‘உங்களத் தண்டிக்கணும்னு எனக்கு இல்ல ஐயா. ஒரு கையெழுத்து. கடையை நான் வாங்கிருவேன்’ என்றார். என் மேல் எவ்வளவு மரியாதை பாருங்கள். பட்டன் கேமராவில் பளிச்சென்று தெரியும்.

வருகிறாள் பாருங்கள், நஸ்ரின். ‘சார், அடுத்து நம்மளதாம். போட்டுட்டீங்களா?’ என்று கேட்கிறாள். போடுகிறேன்மா, போடுகிறேன். பேனா எடுத்தாயிற்று. நீ போய் அம்மா பக்கத்தில் இரு. உங்கள் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள் சார், என்னுடையது நீலம் இல்லை. நன்றி.

அடடா, பதினொன்றரை. உரையைத் தொடங்கிவிட்டுப் போடுகிறேன். பிள்ளைகள் காத்திருப்பார்கள். இன்றைய தலைப்பு கேட்டீர்களா? ‘தவறை ஒப்புக்கொள்ளும் துணிவு’. நேற்று ரயிலில் இந்தத் தாளைப் படித்துக்கொண்டு வரும்போது தோன்றியது. அருமையான தலைப்பு இல்லையா? இந்தச் செல்போனைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா? இரண்டு கையாலும். நான் கையை உயர்த்தும்போது நீங்களும் லேசாக உயர்த்த வேண்டும். அவ்வளவுதான், நன்றாகப் பிடிக்கிறீர்கள். பொன்னுத்துரையைவிட நன்றாகப் பிடிக்கிறீர்கள்.

வணக்கம் மாணவர்களே. எழுந்து நில். இன்று உங்கள் முன்னால் ஒரு தாளோடு வந்திருக்கிறேன். தெரிகிறதா? இது வெறும் தாள் அல்ல. ஒரு மனிதன் தன்னைத் தானே எடை போட்டுப் பார்க்கும் தராசு. தவறு செய்யாத மனிதன் இல்லை. ஆனால் அதை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்கிறானே, அவன்தான்...

என்ன சார்? ஆமாம், என் பேர்தான். கேட்டது. முதல் கூப்பாடு. செல்போனை இறக்காதீர்கள், பின்னால் தூண் தெரிகிறது.

அவன்தான் உண்மையான வழக்கறிஞன். கையெழுத்து என்பது மையில் இல்லை மாணவர்களே, மனத்தில் இருக்கிறது. இந்தப் பேனாவைப் பாருங்கள். இது எவ்வளவு கனம் தெரியுமா? ஒரு நிமிடம், வெளியே ஏதோ...

அந்த அம்மா ஏன் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்? நஸ்ரினும் எழுந்துவிட்டாளா? நீங்களும் ஏன் சார் எழுந்துவிட்டீர்கள், படம் கோணலாகிறது. உட்காருங்கள். இது இரண்டாவதுதானே.